2024–25 ஆண்டறிக்கை: நம் வளாகத்தின் பொது வைஃபை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாயிற்று, பொங்கல் விழா நன்றாக நடந்தது, மழைநீர்த் தொட்டிகளைத் தூர்வாரிவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் விவாதித்தது பொது வைஃபையைப் பற்றித்தான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது படிப்பகத்திலும் கேட்டிலும் சமுதாயக் கூடத்திலும் இருப்பவை வைஃபை 4 கருவிகள், 2009-இல் வந்த தரம். நம்முடையவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்பவை. அந்த அலைவரிசையைப் பிரித்த தடங்களான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றுதான், நம் வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முட்டி மோதுகின்றன. சாயங்காலம் படிப்பகத்தில் நாலு பிள்ளைகள் பாட வீடியோவைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்டில் காவலர் பதிவு செய்யும் ஆப் பாதியில் நின்று, வரும் வண்டிகள் தெருவில் காத்திருக்கின்றன.

பார்க்க வந்த ஒரு விற்பனையாளர் எல்லா இடத்திலும் வைஃபை 7 போடச் சொன்னார். செயற்குழு அதை ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் சான்றளிப்பு தொடங்கிய தரம் அது, நல்ல தரம்தான். ஆனால் அதன் உச்ச வேகத்தைத் தரும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். அதில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது, செயற்குழு முடிவெடுத்தபோது இறுதி விதிகள் வந்திருக்கவில்லை. நம்மில் பலருடைய போன்களும் வைஃபை 5 அல்லது 6 வகை, அவற்றுக்கு அந்த வேகம் எட்டவே எட்டாது.

நம் பிரச்சினை ஒருவருக்குக் கிடைக்கும் வேகம் இல்லை, கூட்டம். வைஃபை 6 ஒரே சேனலைப் பிரித்து ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அனுப்பும், 5 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தும். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும் என்பதால் வைஃபை அலையைப் பரப்பும் கருவியான ஆக்சஸ் பாயின்ட்டை வராந்தாவில் மாட்டாமல் அறைக்குள்ளேயே மாட்டப் போகிறோம்.

ஆனால் கருவியைவிட முக்கியம் கேபிள். சி பிளாக் மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தோம்: கடல் காற்றில் கனெக்டரின் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன, எட்டுக் கம்பிகளில் நாலில்தான் இணைப்பு இருந்தது. நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ்தான் வரும், மேலே எவ்வளவு விலையுள்ள கருவியை மாட்டினாலும் இதே கதிதான். எனவே முதலில் கேட்-6 (Cat 6) வகை நெட்வொர்க் கேபிள், மூடிய பெட்டிகள், கேபிள்களை இணைத்து ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரை மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், அதற்கு ஒரு யூபிஎஸ். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடித்தாக வேண்டும். அப்புறம் படிப்பகமும் கேட்டும், கடைசியில் சமுதாயக் கூடம். நாளை 6 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் கேபிள் அப்படியே இருக்கும், மேலே உள்ள கருவியை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய போன், கேமரா, பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றுக்கென்று 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 என்ற பழைய பாதுகாப்பு முறையோடு தனிப் பெயரில் ஒரு இணைப்பு இருக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் புதிய முறையான டபிள்யூபிஏ3.

"எல்லார் போனிலும்தான் டேட்டா இருக்கிறதே, இது எதற்கு?" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நம் காவலர்களுக்கும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மாதக் கடைசியில் டேட்டா இருப்பதில்லை. படிப்பகத்தில் உட்கார்ந்து படிப்பவர்களில் அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கிய மதிப்பீடுகள் அலுவலக நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. கேபிள் வேலைக்கும் வைஃபை 6 கருவிகளுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏ, பி பிளாக்குகளில் சில வீட்டு வாசல்களை ஒட்டித் துளையிட வேண்டியிருக்கும். ஆட்சேபம் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செயலாளர்