சால்வை போட்டவங்க போதும், பசங்க சொன்னதைப் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நான் கடலூர்ல ஆட்டோ ஓட்டுறவன், தேவனாம்பட்டினத்துலேர்ந்து மஞ்சக்குப்பத்துக்கு தினமும் காலைல ஸ்கூல் ட்ரிப் அடிக்கிறேன். போன வாரம் எங்க ஏரியா பசங்க கேலி கிண்டலுக்கு எதிரா நடத்துன கூட்டத்த பத்தி உங்க பேப்பர்ல நியூஸ் வந்துச்சு, சந்தோஷம். ஆனா போட்டோவுல சால்வையோட அஞ்சு பெரிய மனுஷங்க, பின்னாடி நிக்கிற பசங்களோட நெத்தி மட்டும்தான் தெரியுது. "விழிப்புணர்வு ஏற்படுத்தினர்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. என்ன பேசுனாங்கன்னு யாராவது எழுதணும்ல, அதான் நான் எழுதுறேன்.

மூணு மாசம் முன்னாடி, இந்தக் கூட்டத்த நடத்துன ப்ளஸ் ஒன் படிக்கிற நாலு பொண்ணுங்களும் ரெண்டு பசங்களும் நோட்டோட ஸ்டாண்டுக்கு வந்துச்சுங்க, கோயில் வசூல்னு நெனச்சு சில்லறை தேடுனேன். அதுல ஒரு பொண்ணு, "அண்ணா, ஆட்டோல என்ன பேசுறாங்கன்னு டீச்சருக்கும் தெரியாது வீட்டுக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்"னுச்சு. என் வண்டில ஆறாவது படிக்கிற பையன் ஒருத்தன் வரான், அவங்கப்பா கடலுக்கு போறவரு. இவன் ஏறுனதும் மத்ததுங்க மூக்கப் பொத்திக்கிட்டு "கருவாடு வந்துருச்சு"ன்னு ஓட்டும். நான் அத விளையாட்டுன்னுதான் விட்டுட்டேன். அந்தப் பொண்ணு கோவமே இல்லாம சொல்லுது, "தம்பி சொன்னான்ணா, நீங்களும் கண்ணாடில பார்த்து சிரிச்சீங்களாம்". சார், எங்கப்பாவும் கடலுக்கு போனவருதான். எனக்கு வாயே வரல.

இவங்க கணக்கு என்னன்னா, கிண்டல் பண்றவன் ஒருத்தன்தான், கூட சிரிக்கிறவங்க ஏழெட்டு பேரு, அந்த சிரிப்பு நின்னா அவனுக்கே சப்புன்னு போயிடும். அதனால கிண்டல் பண்றவன விட்டுட்டு சிரிக்கிறவங்ககிட்ட போய் பேசுனாங்க. இப்ப என் ஆட்டோல அந்தப் பையனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு வந்து உக்காருதுங்க. பேர் வச்ச பையன நானா இருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன், இவங்க தனியா கூட்டிட்டு போய் பேசுனப்பதான் அவன் வீட்டுல அண்ணன்கிட்ட தெனமும் அடி வாங்குறான்னு தெரிஞ்சுது.

எல்லாமே சரியா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். டீக்கடை ஓரத்துல புகார் பெட்டி ஒண்ணு வச்சாங்க, அத்தனை பேரு பாக்குற எடத்துல யாரு சீட்டு போடுவா, மூணு வாரத்துல பஸ் டிக்கெட்டும் முட்டாய் பேப்பரும்தான் விழுந்துச்சு. அத தூக்கிட்டு இப்ப சனிக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச் மணல்ல சும்மா உக்காந்திருக்காங்க, சின்னப் பசங்க தானா வந்து பேசுதுங்க. பெரிய விஷயம்னா 1098க்கு போன் பண்ண சொல்றாங்க, குழந்தைங்களுக்கான நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க. என் சீட்டு பின்னாடியும் அத எழுதி ஒட்டிட்டாங்க.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல சார். 1996ல சிதம்பரத்துல நாவரசுன்னு ஒரு மெடிக்கல் காலேஜ் மாணவன ராகிங் பண்ணி கொன்னாங்க, 97ல ராகிங் தடைச் சட்டமே அதுக்கப்புறம்தான் வந்துச்சு, அப்ப நானும் ஆறாவதுதான். 2023ல நாங்குநேரில வீட்டுக்குள்ள பூந்து ஒரு பையன வெட்டுனதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, ஸ்கூல்ல சாதியக் காட்டுற கலர் கயிறு கைல கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கூட்டத்துல அந்தப் பொண்ணு இத எடுத்தப்ப மேடைல ஒருத்தரு வாட்சையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. இதுவும் உங்க நியூஸ்ல இல்ல.

வர சனிக்கிழமையும் அஞ்சு மணிக்கு மேல பீச்லதான் இருப்பாங்க. ரிப்போர்ட்டர அனுப்புங்க, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நானே கூட்டிட்டு போறேன், காசு வேணாம். சின்னப் பசங்க மூஞ்சிய மட்டும் போட்டோ எடுக்க வேணாம்னு சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ ஓட்டுநர்,
தேவனாம்பட்டினம், கடலூர்