கொல்லிமலை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வேளச்சேரி வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள். பெரியவள் தேறிவிட்டாள். கட்டுப் போட்ட கையைக் காட்டியே தம்பியை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். கொல்லிமலை அருவிக்குப் போன இடத்தில் அவளுக்கு என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கொரு தடவை போனில் சொல்லியாகிவிட்டது. மறுபடி ஒரு தடவை அதை எழுதும் தெம்பு எனக்கில்லை. இது நன்றி சொல்ல மட்டும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகாய கங்கை அருவிப் படிகளில் பெரியவளைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிவந்த பையன்களே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், வெறுங்கையோடு ஏறினாலே முழங்கால் நடுங்கும். நீங்கள் எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. 108 வண்டியில் வந்த தம்பிகள் இருவர். நாமக்கல்லில், "நீங்க அழுதா அவளும் அழுவா, வெளிய போய் அழுதுட்டு வாங்க" என்று என் கணவரைத் துரத்திய நர்ஸம்மா. எங்கள் காரை இருட்டில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறக்கி, ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு டீயை மட்டும் வாங்கிக் குடித்துக் காலை முதல் பஸ்ஸில் திரும்பிப் போன டீக்கடைத் தம்பி. சொல்லாமலே என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிகள். மாடி வீட்டு மாமி கொடுத்தனுப்பிய மூன்று நாள் ரசம். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. அறைக்கு வரவில்லை என்று முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்ட விடுதிக்காரருக்கு மட்டும் இந்த மடலில் இடமில்லை.

சரி, இனி அக்கா.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் அன்னாசி விற்கிற அக்கா. பெயர் கேட்கத் தோன்றவில்லை, இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒன்பது மாதப் பிள்ளையோடு அவ்வளவு படி இறங்க வேண்டாம் என்று நானும் மாமியாரும் மேலேயே தங்கிவிட்டோம். அப்பாவும் மகளும்தான் அருவிக்குப் போனார்கள். அப்புறம் 108 வண்டி அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கார் இருந்தும் ஓட்ட ஆளில்லாமல் நாங்கள் மூன்று பேர். பனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரியவில்லை. "பனி விலகட்டும் அக்கா, கடையைக் கட்டிட்டு நானே ஓட்டிட்டு வர்றேன்" என்றார் டீக்கடைத் தம்பி. போனில் சிக்னல் இல்லை. சின்னவன் அழ ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பால் கொடுத்தேன், தள்ளிவிட்டான். தோளில் போட்டு நடந்தேன், இன்னும் வீறிட்டான். என் பயம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா கடையிலிருந்து எழுந்து வந்தார். "ஏன் கண்ணு, பிள்ள பசிக்கு அழுவல, தூக்கத்துக்கு அழுவுது. உள்ள வா."

கடைக்குப் பின்னாலேயே வீடு. கொடியில் கிடந்த ஒரு சேலையை உருவினார். வெளுத்துப்போன நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட நூல் சேலை. விட்டத்தில் போட்டு இரண்டு முடிச்சு. பிள்ளையை வாங்கிக் கிடத்துவார் என்று நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முதலில் அந்தத் தூளியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுத்து, தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அக்கா ஒன்றும் ஒல்லியானவர் இல்லை. விட்டம் லேசாக முனகியது, முடிச்சு அசையவில்லை. அதற்கப்புறம்தான் பிள்ளைக்குக் கை நீட்டினார். மேலே ஒரு கம்பைக் குறுக்கே கொடுத்து வாயை விரித்துவிட்டார். கீழே தரையில் ஒரு கருக்கரிவாளை வைத்தார், காத்துக் கருப்பு அண்டாதாம். மாமியார் தலையாட்டி ஆமோதித்தார்.

இங்கே சின்னவனுக்கு ஏசி வேண்டும், போனில் மழைச் சத்தம் ஓட வேண்டும். அங்கே ஓட்டின் மேல் நிஜ மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

இதற்கு மேல் அக்கா செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. அழாதே என்று சொல்லவில்லை, சாமி பார்த்துக்கும் என்று சொல்லவில்லை. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, சின்னப் பிள்ளையை ஏன் அங்கே கூட்டிப்போனீர்கள், எதுவும் கேட்கவில்லை. மிளகு தட்டிப் போட்ட கடுங்காப்பியைக் கையில் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் ஒரு முறத்தை என் மடியில் வைத்து, பாதி மொச்சையை அதில் கொட்டி, "இத உரி" என்றார். அவர் கால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது, கை உரித்துக்கொண்டிருந்தது. நானும் உரித்தேன். ஒரு காய்க்கு மூன்று பருப்பு, சிலதில் நாலு, சிலதில் புழு. இரண்டு மணி நேரம் அப்படித்தான் போனது. உரிக்க ஒன்றுமில்லாமல் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் என்னவாகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

தம்பி வந்து காரைக் கிளப்பியதும் நான் பிள்ளையை எடுக்கப் போனேன். "எழுப்பாத" என்று முடிச்சை அவிழ்த்து, சேலையோடு சுருட்டி அப்படியே என் மடியில் வைத்துவிட்டார். பணம் நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைத் தாண்டும்போது காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, கடைசியில் உடும்பு வரை துளைத்துப் போன கதையை அப்பா சொல்ல, "அந்த உடும்பு என்னப்பா பண்ணுச்சு?" என்று பெரியவள் சண்டைக்கு நின்றாள். அவர் கடையெழு வள்ளல்களுக்குத் தாவினார். மயிலுக்கு எதற்குப் போர்வை என்று பள்ளிக்கூடத்தில் நானே சிரித்திருக்கிறேன். ஏறும்போது பெரியவள் ஒவ்வொரு வளைவுப் பலகையையும் கத்திக் கத்தி எண்ணினாள். இருபத்துமூன்றில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் நாற்பத்தேழு" என்றாள். இறங்கும்போது நான் எழுபதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன், வாய்க்குள். காரவள்ளி அருகே போன் உயிர் பெற்றது. "பயமில்லை, பேசுகிறாள், பிஸ்கட் கேட்கிறாள்" என்று கணவரின் செய்தி.

மாமியார் அறப்பளீஸ்வரருக்கு அபிஷேகம் வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. லீவு கிடைத்த மூன்று நாளில் அருவி, கோயில், வியூ பாயிண்ட் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற வேலை இனிமேல் இல்லை. கட்டுப் பிரித்ததும் கொல்லிமலைக்குத்தான் வருகிறோம், எதையும் பார்க்க அல்ல. மொச்சை இருந்தால் உரிப்போம், இல்லாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். சேலையைத் துவைத்து வைத்திருக்கிறேன். வாடகை வீடு, உத்தரத்தில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டி, அக்கா மாதிரியே தொங்கிப் பார்த்தேன். ஜன்னல் தாங்காது போலிருக்கிறது.

டீக்கடைத் தம்பி, உங்கள் போனுக்கு இது வந்து சேரும். அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எங்கள் பையைத் திறந்தபோது டயப்பருக்கு நடுவிலிருந்து கருக்கரிவாள் வந்தது. மாமியார் வேலைதான். மலை இறங்குகிற வரை பிள்ளைக்கு இரும்பு துணை வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் காவலாளிக்கு அதை விளக்கிச் சொல்ல நான் பட்டபாடு தனிக் கதை. அக்கா இத்தனை நாளாக வீடெல்லாம் தேடியிருப்பார். அரிவாள் பத்திரமாக எங்களிடம் இருக்கிறது. அடுத்த மாதம் கொண்டுவருகிறோம், அதுவரை புதுசு வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.