அணைக்கட்டு ஆயாவுக்கு

அன்புள்ள ஆயா,

வணக்கம். உங்களுக்குப் படிக்க வராது என்று சொன்னீர்கள். பெரிய மகன் போனில் இதைப் படித்துக் காட்டுவார். வேகமாகப் படித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். போன வியாழக்கிழமை என் தெரபி அறைக்கு வெளியே அத்தனை பேர் காத்திருந்ததில், நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாமலே உங்களை அனுப்பிவிட்டேன். ஒரு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே கேள்வியோடு வருகிற வேறு ஆயாக்களும் உண்டு என்பதால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பேரும் ஊரும் இதில் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கண் தெரியாத உங்கள் பேத்தி பாப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டது இதுதான்: "எனக்கு ஷெல்லுல ஆபரேசன் பண்ணாங்க, கண்ணு வந்துச்சி. எயுவது வயசு கெயவிக்கு வந்த கண்ணு, இந்தப் பச்சக் கொயந்தைக்கு ஏம்மா வர்ல?"

ஷெல் என்பது வேலூர் ஆரணி ரோட்டில் 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் கண் என்றாலே ஷெல்தான் வாயில் வரும். அங்கே உங்களுக்கு எடுத்தது புரை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வெளுத்துப்போயிருந்தது, அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்தார்கள். அதற்குப் பின்னால், வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற விழித்திரை உங்களுக்கு நன்றாகவே இருந்தது. பாப்பாவுக்குக் கெட்டுப்போனது அந்தத் திரை. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க இன்றைக்கு வழி இல்லை.

பாப்பா 29 வாரத்தில் பிறந்தாள், எடை 1,300 கிராம். விழித்திரையில் ஓடும் ரத்தக் குழாய்கள் பிரசவ நாள் நெருங்கும்போதுதான் ஓரம்வரை வளர்ந்து முடியும். முன்னாலேயே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்கள் பிறகு தாறுமாறாக வளர்ந்து திரையையே பிடித்து இழுத்துவிடும். நேரத்தோடு பார்த்தால் லேசரோ ஊசியோ கொடுத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பாப்பாவை இன்குபேட்டரில் வைத்திருந்த இடத்தில் கண்ணைக் காட்டச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆயா. இதைப் படிக்கிற மற்றவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையோ, 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைக் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குள்ளேயே.

இன்னொன்று. உங்கள் மருமகள் கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால் இது வரவில்லை. நான் சொன்னால் அவள் தலையாட்டிவிட்டு அழுகிறாள். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் அவளுக்கு ஆறும்.

இனி பாப்பாவின் கதைக்கு வருகிறேன். ஒன்றேகால் வயதாகியும் தவழவில்லை, சோம்பேறி என்றீர்கள். முதலில் கணக்கைச் சரிசெய்வோம். பதினோரு வாரம் முந்திப் பிறந்தவளுக்கு அந்தப் பதினோரு வாரத்தைக் கழித்துத்தான் வயது பார்க்கணும். அப்படிப் பார்த்தால் ஒரு வயது இப்போதுதான் முடிந்திருக்கிறது.

அடுத்து, பார்க்கிற குழந்தை ஏன் தவழுகிறது? குப்புறப் போட்டால் அம்மா முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். தூக்கித் தூக்கிக் கழுத்து நிற்கும், தோள் நிற்கும், முழங்கையில் பலம் வரும். எதிரே சிவப்பாக ஒரு சொப்பு கிடந்தால் அதை எட்டப் போகும். பாப்பாவைக் குப்புறப் போட்டால் அவளுக்குக் கிடைப்பது மூக்கில் இடிக்கும் பாய் மட்டும்தான். தலையைத் தூக்கி அவள் என்னத்தைக் காண்பாள்? அதனால்தான் அழுகிறாள், நீங்களும் மனசு தாங்காமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள்.

"கிலுகிலுப்பை ஆட்டுனா கூட கைய நீட்டல" என்றீர்கள். சத்தம் கேட்கிற இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது, கையை நீட்டினால் அது அகப்படும் என்கிற விஷயம் குழந்தைகளுக்கு முதல் வயசின் கடைசியில்தான் பிடிபடும். கண் தெரிகிற குழந்தைக்கு அதுவரை கண்ணே வழிகாட்டும். பாப்பாவுக்கோ கையை விட்டுப் போன பொருள் உலகத்தை விட்டே போனது மாதிரி. அதனால் தூரத்தில் நின்று ஆட்டாதீர்கள். கிலுகிலுப்பை முதலில் அவள் கையைத் தொடட்டும். தொட்டபடியே ஆட்டுங்கள். பிறகு ஒரு விரல்கடை தள்ளி வையுங்கள். நாளைக்கு நாலு விரல்கடை. டிவியை அந்த நேரத்தில் அணைத்துவிடுங்கள். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடும். அந்த வீட்டுப் பையனுக்கு அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றே தெரியாது. சாப்பாட்டு வேளையில் தறி நிற்கும்போது மட்டும் தலையைத் திருப்புவான். சீரியல் சத்தமும் பாப்பாவுக்கு அந்தத் தறி மாதிரிதான்.

டென்மார்க்கில் லில்லி நீல்சன் என்று ஒரு அம்மா இருந்தார். கூடப் பிறந்தவர்களிலேயே பார்வை இல்லாதவர்கள் இருந்ததால் அந்தக் குழந்தைகளோடே வளர்ந்தவர். அவர் ஒரு சின்னப் பெட்டி அறை மாதிரி செய்தார். குழந்தையை அதற்குள் மல்லாக்கப் படுக்க வைத்தால் மேலேயும் பக்கத்திலேயும் விதவிதமான பொருள்கள் தொங்கும். கை பட்டால் சத்தம் வரும், விட்டால் பழைய இடத்துக்கே போய் நிற்கும். போன பொருள் அதே இடத்தில் மறுபடி கிடைக்கிறது என்று குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும். அதற்குக் காசு கொட்ட வேண்டாம், உங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலே போதும். அதன் அடியில் பாயை விரித்துப் பாப்பாவைப் படுக்க வையுங்கள். கட்டில் கயிற்றிலிருந்து சாவிக்கொத்து, எவர்சில்வர் கரண்டி, தேங்காய் நார்க் கற்றை, ரப்பர் வளையல், பழைய கொலுசு, இதையெல்லாம் அவள் கை எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். கயிறு கழுத்தைச் சுற்ற முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கணும், வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னது எதுவும் கூடாது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணும். தினமும் அதே பொருள் அதே இடத்தில்.

கஷ்டமான பகுதி இனிமேல்தான். அவள் கரண்டியைத் தட்டும்போது "என் ராசாத்தி, என் தங்கம்" என்று நடுவில் பேசாதீர்கள். பேசினால் கை நின்றுவிடும், அவள் காது உங்கள் பக்கம் வந்துவிடும். அவள் நிறுத்திவிட்டு உங்களைத் தேடும்போது பேசுங்கள், வேண்டிய மட்டும் கொஞ்சுங்கள்.

கண்ணைக் கையால் அழுத்துகிறாள் என்று அடிக்கிறீர்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். விழித்திரை கெட்ட குழந்தைகள் கண்ணை அழுத்தினால் உள்ளே வெளிச்சம் மாதிரி ஒன்று தெரியும். அந்த வெளிச்சத்தைத்தான் அவள் தேடுகிறாள். வருஷக்கணக்கில் அழுத்தினால் கண் உள்ளே போய்விடும் என்பதால் விட்டுவிடவும் கூடாது. கை கண்ணுக்குப் போகிறதா, கையில் ஒரு வேலை கொடுங்கள். பிசைந்த மாவு, கசக்கினால் சத்தம் வருகிற காகிதம், எதுவானாலும் சரி.

இடது கண்ணில் கொஞ்சம் பார்வை இருக்கிறது. சன்னல் பக்கம் தலை திரும்புவதை நீங்களே காட்டினீர்கள். வெள்ளைச் சோற்றைக் கறுப்புத் தட்டில் வைத்துக் கொடுங்கள். டாக்டர் கண்ணாடி எழுதினால் "இத்தினூண்டு கொயந்தைக்கு எதுக்கு" என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். அடையாள அட்டைக்கு உங்கள் மகன் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும்.

இப்போது கத்திரிக்காய். எனக்கென்று பையில் முள்ளு கத்திரிக்காய் கொண்டுவந்திருந்தீர்கள். பாப்பா என் மடியில். ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, பாப்பாவின் கைக்கு அடியில் என் கையைக் கொண்டுபோனேன். அவள் கை என் கை மேலே ஏறி உட்கார்ந்தது. என் விரல் காயைத் தடவ, அவள் விரலும் கூடவே வந்தது. வழவழவென்று இருந்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. காம்புக்கு வந்ததும் ஆள்காட்டி விரல் முள்ளில் பட்டது. எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூச்சை நிறுத்திவிட்டாள், ஆயா. என் கையை நான் மெல்ல உருவிக்கொண்டது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. அவளாகவே மூன்றாம் தடவை முள்ளைத் தொட்டாள்.

"குத்திடும்மே!" என்று நீங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தீர்கள். கை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் எதைக் கொடுத்தும் திறக்கவில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் இரண்டு வயசுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். எதையும் தொட மாட்டான். தொட்டுத் தொட்டுப் பழகிவிடும் என்று அவன் கையைப் பிடித்துக் கேழ்வரகு மாவுக்குள் அழுத்தினேன். அவன் கத்திய கத்தல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அடுத்த முறை என் குரல் கேட்டதுமே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அந்தக் கைகள் முன்னால் வர மாசக்கணக்கில் ஆனது. அவன் அம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. உங்கள் கண்ணை ஒருவர் பிடித்து, "இதைப் பார்" என்று திருப்பினால் எப்படி இருக்கும்? பாப்பாவின் கையைப் பிடிப்பது அதேதான். உங்கள் கை எப்போதும் அவள் கைக்கு அடியில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் அவள் எடுத்துக்கொள்ள வழி இருக்கணும்.

வீட்டு வேலையெல்லாம் இதற்குத்தான் ஆகும். மாவு பிசையும்போது, துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது அவளை முன்னால் உட்கார வைத்து உங்கள் கை மேல் அவள் கையை ஏற்றிக்கொள்ளுங்கள். சோறு எங்கிருந்தோ வாய்க்கு வருவதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அரிசி களைவது அவளுக்குத் தெரியாது. குளிக்கக் கூட்டிப்போகும் முன் சொம்பைத் தொடவிடுங்கள், வெளியே கிளம்பும் முன் செருப்பை. சொல்லாமல் அந்தரத்தில் தூக்காதீர்கள். பேரைச் சொல்லி, தோளைத் தொட்டு, பிறகு தூக்குங்கள்.

தரையில் விட்டால் எங்கேயாவது இடித்துக்கொள்ளுமே என்றீர்கள். இடித்துக்கொள்வாள். தூண் எங்கே இருக்கிறது, படி எங்கே முடிகிறது என்று ஒரு தடவை, இரண்டு தடவை இடித்துத்தான் தெரிந்துகொள்வாள். கூரான மூலைகளில் துணி சுற்றுங்கள், அடுப்புப் பக்கம் தடுப்பு வையுங்கள், அம்மிக்கல்லை ஓரமாகத் தள்ளுங்கள், பிறகு எதையும் இடம் மாற்றாதீர்கள். உங்கள் இடுப்பு அவளுக்குச் சொகமான இடம்தான். ஒரு நாளில் நாலு தடவை மட்டும் அங்கிருந்து இறக்கிவிடுங்கள், தடவைக்குப் பத்து நிமிஷம். பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வருகிற வியாழக்கிழமை அணைக்கட்டு பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, காத்திருக்கிறேன். கத்திரிக்காய் ஒன்றே ஒன்று கொண்டுவாருங்கள், காம்பை நறுக்காமல். இந்தத் தடவை பாப்பா உங்கள் மடியில் உட்காரட்டும். கீழே உங்கள் கை. நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தெரபி மேடம்