அந்த 700 மில்லிவினாடி யார் வைத்தது?

கடைகளில் பணம் கட்டும் செயலியை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நானும் ஆண்ட்ராய்டு செயலி எழுதிப் பிழைப்பவன்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காலை பசியாறிவிட்டு உங்கள் செயலியில்தான் காசு கட்டுகிறேன்.

போன வாரம் ஒரு தோசை, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). பின்னால் ஆறு பேர் வரிசை. தவறான திரைக்குப் போய்விட்டதால் மேலே இருந்த அம்புக்குறியைத் தட்டினேன். பழைய திரை ஆற அமர மங்கிக்கொண்டிருந்தது. தட்டியது விழவில்லை போல என்று இன்னொரு தட்டு. அவ்வளவுதான், வெறும் வெள்ளைத் திரை. கல்லாவில் இருந்த அக்கா, "லைன் இல்லையா தம்பி?" என்றார். இணைய லைன் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நண்பனின் கைப்பேசியில் வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம் பிடித்து எண்ணிப் பார்த்தேன். ஒரு திரை மாற ஏறக்குறைய 168 பிரேம். அதாவது 0.7 வினாடி. உடனே புரிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு செயலியில் திரைகளை மாற்றித் தரும் நூலகமான நேவிகேஷன் கம்போஸில் நாம் ஒன்றும் எழுதாமல் விட்டால், திரை மங்கி மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் 700 மில்லிவினாடி. நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, தொடாமல் விட்டிருக்கிறீர்கள். (நானும் என் முதல் செயலியில் அப்படித்தான் விட்டேன்.)

கூகுளின் பழைய மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டியே 400 மில்லிவினாடியைத் தாண்டினால் மெதுவாகத் தோன்றலாம் என்கிறது. உள்ளே வரும் திரைக்கு 225, வெளியேறும் திரைக்கு 195 என்று கணக்கும் சொல்கிறது. செயலி எழுதக் கூகுள் தரும் இன்னொரு கருவியான பிளட்டரின் மெட்டீரியல் பக்கங்கள் நீண்ட காலம் 300இல்தான் ஓடின.

அந்த நூலகத்தில் திரைகளைத் தாங்கும் நேவ்ஹோஸ்டில் உள்ளே வர, வெளியே போக, திரும்பி வர, திரும்பிப் போக என்று நான்கு இடம். நான்கிலும் உங்கள் எண்ணை எழுதுங்கள். பணம் கட்டும் வழியில் 200 போதும் என்பேன். அப்புறம், திரை மாறி முடியும்வரை இரண்டாவது தட்டை ஏற்காதீர்கள். வெள்ளைத் திரைக்குக் காரணம் அதுதான். முகப்புத் திரையையே சேர்த்துக் கழற்றிவிடுகிறது.

இப்போதைக்கு என் கைப்பேசியில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய் அனிமேட்டர் கால அளவை 0.5 ஆக்கிவிட்டேன், அசைவுகள் பாதி நேரத்தில் முடியும். சரி, எனக்கு வழி தெரியும். பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால்தான் அந்தப் பக்கமே திறக்கும். தே தாரிக்குக்குக் காசு கட்ட அதையெல்லாம் செய்யுங்கள் என்று என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
தினமும் அந்த வரிசையில் நிற்பவன்