எக்ஸாஸ்ட் வால்வை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு சென்ற வாரம் ஓர் இளைஞர் என் பட்டறைக்கு வந்தார். இன்னொரு கையில், எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட். எஞ்சினுக்குக் கூடுதல் காற்று ஊட்டும் சூப்பர்சார்ஜர் பொருத்தப் போகிறாராம். அதற்கு, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை உள்ளே போகும் இன்லெட் வால்வைப் பெரிதாக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். கே.புதூரில் 26 ஆண்டுகளாக ஹெட் வேலை பார்க்கிறவன் நான். அந்த வரி தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண எஞ்சினுக்கு அது பொருந்தும். பிஸ்டன் கீழே இறங்கும்போது கலவையை உள்ளே தள்ள வெளிக்காற்றின் அழுத்தத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் இன்லெட் வால்வு பெரிதாகவும் எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு சிறிதாகவும் இருக்கின்றன. சூப்பர்சார்ஜர் வந்தால் கணக்கே வேறு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுழலும் அது காற்றை அமுக்கித் திணிக்கிறது. பழைய வால்வு வழியாகவே கூடுதல் காற்று போய்விடும். போனதெல்லாம் எரிந்த பிறகு வெளியே வர வேண்டுமே! அதற்கு இருப்பது பழைய சிறிய வழிதான். வெளியேறாமல் தங்கும் சூட்டு வாயு அடுத்து வரும் கலவையைக் காய்ச்சுகிறது. கலவை தானாகவே வெடித்து எஞ்சின் ‘நாக்’ அடிக்கிறது.

இந்தத் தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 75 மி.மீ., சிலிண்டருக்கு இரண்டே வால்வு: இன்லெட் 36, எக்ஸாஸ்ட் 31. வண்டிக்காரர் கேட்டார் என்று இன்லெட்டை 39 ஆக்கி, வால்வு மூடும்போது உட்காரும் வளையமான சீட்டை அதற்கேற்ப வெட்டினேன். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 67 இருந்தது 70 ஆகிவிட்டது. போரில் மிச்சம் 5 மி.மீ. இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள உலோகப் பாலம், வால்வுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். நான்கு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். மூன்றாவது சிலிண்டரில் துடைத்த இடத்திலேயே பாலத்தின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மறுபடியும் ஈரமாகக் கறுத்தது. எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு, எலி கடித்த தேங்காய்ச் சில்லு போல ஓரிடத்தில் கரைந்து போயிருந்தது. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஹெட் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

இப்போது வந்தால் இன்லெட் வால்வைத் தொட மாட்டேன். எக்ஸாஸ்ட்டை 31-இலிருந்து 32 ஆக்குவேன். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பிறகு சீட்டுக்குக் கீழே கழுத்துப் பகுதி, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடைச் சுற்றி வார்ப்பில் நிற்கும் முண்டு, இவற்றைப் பொறுமையாக இழைப்பேன். பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. கலவை வரும் வழியான இன்லெட் போர்ட்டைக் கண்ணாடிபோல் பளபளப்பாக்குவது வீண் வேலை.

சீட் அகலம் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கைச் சீட்டில் உட்காரும் அந்த நொடித்துளியில்தான் இறக்கி வைக்கிறது. காற்றோட்டத்துக்காக அந்தச் சீட்டைக் கோடுபோல மெலிதாக வெட்டினால் வால்வு கருகும். ஒன்றரை மி.மீ.க்குக் குறையாமல் நான் விடுகிறேன். இது புதிய தலைவலி அல்ல. 1920-களிலேயே சாம் ஹெரான் என்ற பொறியாளர், விமான எஞ்சின்களுக்காக வால்வின் தண்டைக் குடைந்து சோடியம் அடைத்தார். அது 98 டிகிரியிலேயே உருகி மேலும் கீழும் அலசி, வால்வின் தலைச்சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஹெட் இறங்கினாலே அதன் அடிப்பரப்பைச் சீவி ஃபேசிங் அடித்துவிடும் வழக்கமும் உண்டு. நெளிவு எடுக்க அடிக்கலாம். சக்தி கூடும் என்று அடித்தால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை நெருக்கும் அளவு, ஏறும், சூப்பர்சார்ஜருக்கு அதுவே எமன். சித்திரை வெயிலில் மதுரைக் காற்று 40 டிகிரி. அதை 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடும்படி அமுக்கினால், அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இல்லாத வண்டியில் 100 டிகிரியை நெருங்கி எஞ்சினுக்குள் நுழையும். அந்த எஞ்சினில் கம்ப்ரஷனைக் குறைக்கத்தான் வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலும் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைய வேண்டும். இல்லையேல் அமுக்கிய கலவை எரியாமலே சைலன்சருக்குப் போய்விடும்.

அந்த இளைஞர் கோவை செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் ஓட்டத்தான் இதைச் செய்கிறார். சாலையில் ஓடும் காரில் இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது என்பதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

நான் சொன்னதை அவர் அரைமனதாகத்தான் கேட்டுக்கொண்டார். அச்சில் வந்தது அவருக்குப் பெரிது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். அவருடைய ஹெட் சீட் வெட்டாமல் என் மேஜைமேல் இருக்கிறது. அதுவரை கட்டரை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஹெட் வேலைப் பட்டறைக்காரர்,
கே.புதூர், மதுரை.