உலகுவுக்கு, கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமிலிருந்து அம்மா

அன்புள்ள உலகு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நம் தெற்குப் பக்கத்து டிவி சேனல் ஒன்று உங்கள் கம்பெனியிடம் புதுச் சின்னம் கேட்டிருக்கிறது, அந்த வேலை உன் கைக்கு வந்திருக்கிறது என்றாய். அப்பா உடனே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் நடுவில் நீ ஒன்று சொன்னாயே, "பழசு ரொம்பப் பழசும்மா, சுத்தமாத் துடைச்சிட்டுப் புதுசாப் போடப் போறோம்" என்று. அதைக் கேட்டதில் இருந்து மனசு அங்கேயே நிற்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ பிறப்பதற்கு முன்பே நம் கேபிள் டிவிக்காக வீட்டு மாடியில் டிஷ் ஏறிவிட்டது. அப்பா மேலே நின்று அதை நூல் நூலாகத் திருப்புவார். நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே கத்த வேண்டும். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரையும். யார் பேசுகிறார்கள், என்ன படம் என்று ஒன்றும் பிடிபடாது. ஆனால் மூலையில் ஒரு வட்டமும் அதைச் சுற்றிக் கதிர்களும் மெல்லத் தெரியும். "சூரியன் வந்துட்டு!" என்று கத்துவேன். அப்பா அந்த இடத்தில் போல்ட்டை முறுக்கிவிடுவார். முகம் தெரிவதற்கு முன்னால் சின்னம் எப்படித் தெரிகிறது என்று எனக்கு அப்போதே ஆச்சரியம். பிறகுதான் புரிந்தது. படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, சின்னம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அசையாத ஒன்றைக் கண் பற்றிக்கொள்கிறது.

கம்ப்ளைன்ட் போன் எடுப்பதும் என் வேலைதானே. யாரும் சேனல் நம்பர் சொல்ல மாட்டார்கள். நம்பர் அவரவர் டிவியில் டியூன் செய்த மாதிரி வீட்டுக்கு வீடு மாறும். "சூரியன் போட்டது வரல", "கண்ணு போட்டது ஓடுது, சத்தம் இல்ல" என்பார்கள். எழுத்துத் தெரியாத ஆச்சிகள்தான் அதிகம் கூப்பிடுவார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அந்தக் "கண்ணு" கதையை எனக்குச் சொன்னதே நீதான். அகமதாபாத்தில் முதல் வருஷம் படிக்கும்போது, உன் கல்லூரியில் படித்த தேவாசிஷ் பட்டாச்சார்யாதான் தூர்தர்ஷன் சின்னத்தை வரைந்தவர் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! ஒரு உருண்டை, அதை அணைத்தபடி இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். 1976 ஏப்ரல் 1 அன்று வானொலியில் இருந்து தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தபோது அந்தச் சின்னம் வந்தது. கூடவே பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்த இசை. வளைவுகள் சுழன்று சுழன்று வந்து கண்ணாகக் கூடும்வரை எங்கள் தெருவில் யாரும் பேச மாட்டோம். கொடைக்கானல் கோபுரத்தில் இருந்து வருகிற படம் பாதி நாள் கலங்கலாகத்தான் இருக்கும். அந்தக் கண் மட்டும் கலங்கினாலும் கண்தான். 2017இல் புதுச் சின்னம் வேண்டும் என்று தூர்தர்ஷனே நாடு முழுக்கப் போட்டி வைத்தது. நீயும் ஒன்று வரைந்து அனுப்பினாயே. உன் படம் தேர்வாகவில்லை என்று அன்றைக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கண் இன்றைக்கும் இருக்கிறது, அதில் எனக்கு உள்ளூர சந்தோஷம், உலகு. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சன் டிவியை எடுத்துக்கொள். பெயர் வைப்பதை அவர்களிடம் இருந்துதான் படிக்க வேண்டும் என்பேன். அந்தச் சேனல் வருவதற்கு முன்னால் பூமாலை என்று ஒரு வீடியோ பத்திரிகை கேசட்டாக வந்தது, அதுவும் அதே கலாநிதி மாறன் நடத்தியதுதான். 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளில் சேனல் தொடங்கியபோது பூமாலையை விட்டுச் சூரியனுக்கு வந்தார்கள். அப்போது நாளுக்குச் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. உதயசூரியன் எந்தக் கட்சியின் சின்னம், அந்தக் குடும்பம் எது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. அதனால் பார்த்த முதல் நாளே பழகிய முகமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் அருமை. கன்னடத்தில் 1994இல் உதயா, மலையாளத்தில் 1998இல் சூர்யா. பிறகு மலையாளத்திலேயே கிரண், கிரண் என்றால் கதிர். தமிழில் நகைச்சுவைக்கு ஆதித்யா, ரேடியோவுக்குச் சூரியன் எஃப்எம், வீட்டு டிஷ்ஷுக்குச் சன் டைரக்ட், கடைசியில் கிரிக்கெட் அணிக்குக்கூட சன்ரைசர்ஸ். ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அவரவர் பாஷையில் கூப்பிடக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே சூரியனை வைத்துக்கொண்டார்கள். தெலுங்கின் ஜெமினி மாதிரி இந்த வரிசைக்குள் வராத பெயர்களும் உண்டு. ஆனால் வந்தவற்றைப் பார்த்தால் ஒரே பிள்ளையை ஆச்சி ஒரு பெயரிலும் அத்தை ஒரு பெயரிலும் கூப்பிடுகிற மாதிரிதான். இத்தனை வருஷத்தில் அந்தச் சூரியனுக்கு மினுமினுப்பு கூடியது, நிழல் விழுந்தது, எழுத்து மாறியது. வட்டத்தையும் கதிரையும் அவர்கள் விடவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை டிவி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காலை 5 மணியில் இருந்து ராத்திரிவரை ஒரே சேனல்தான் ஓடும். பழைய குழாய் டிவி அல்லவா, ஒரே இடத்தில் ஒளி விழுந்து விழுந்து அந்த மூலையே தேய்ந்துவிட்டது. டிவியை அணைத்தாலும் மூலையில் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும். வேறு சேனல் வைத்தால் அதன் சின்னத்துக்கு அடியில் இந்தச் சூரியன் நிழலாகத் தெரியும். மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, இது போகாது, டியூப்பையே மாற்ற வேண்டும் என்றார். கண்ணாடியிலேயே அப்படிப் பதிகிறது என்றால் முப்பது வருஷம் பார்த்த மனுஷர் கண்ணில் எப்படிப் பதிந்திருக்கும், நீயே நினைத்துப் பார்.

நம்முடைய கதையையும் சொல்கிறேன். நம் லோக்கல் சேனலுக்கு முதலில் சின்னம் வரைந்து கொடுத்தது போர்டு எழுதுகிற பெயின்டர். மொட்டையாக ஒரு மலை, அதன் காலடியில் தண்ணீருக்கு ஒரு கோடு. மாடியில் இருந்து பார்த்தால் தெரிகிற பொதிகை மலையும் தாமிரபரணியும்தான். அட்டையில் வரைந்ததை வீடியோ கேமராவில் பிடித்து மூலையில் போட்டோம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, எல்லாச் சேனலும் பளபளவென்று சுழல்கிறதே என்று எங்களுக்கும் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனிடம் சொல்லித் தங்க நிறத்தில் எழுத்து சுழல்கிற மாதிரி செய்து, ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மாற்றினோம். அன்று சாயங்காலமே போன் ஆரம்பித்துவிட்டது. "நம்ம சேனலை நிறுத்திட்டீங்களா?" என்று. அதே படம், அதே விளம்பரம், கோயில் கொடைக்கு நாங்கள் எடுத்த அதே வீடியோ. ஆனால் மலை இல்லை, அதனால் சேனல் இல்லை. அப்பா பத்து நாள் பொறுத்தார். ஒரு பாட்டி கண்ட்ரோல் ரூமுக்கே நடந்து வந்து, "மலையைக் காணோமே ஐயா" என்று கேட்டதும் அன்று ராத்திரியே பழையதைப் போட்டுவிட்டார். தண்ணீர்க் கோட்டுக்கு மட்டும் நீல நிறம் கொடுத்தோம். அதை யாருமே கேட்கவில்லை. அந்த நீலம் உன் யோசனை, ஞாபகம் இருக்கிறதா?

அதனால்தான் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்குப் பொதிகை என்ற பெயர் போனபோது எனக்கு அவ்வளவு வலித்தது. 2024 ஜனவரி 19 அன்று சென்னைக்கு வந்த பிரதமர் டிடி தமிழ் என்று புதுப் பெயரில் தொடங்கி வைத்தார். படம் இன்னும் தெளிவாக வருகிறது, நல்லதுதான். எந்த மொழிச் சேனல் என்று வெளிமாநிலத்தார்க்கும் பெயரிலேயே தெரிந்துவிடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகத்தியர் இருந்த மலை, தமிழ் பிறந்த மலை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த மலையின் பெயர் தினமும் வீடுவீடாக ஒலித்துக்கொண்டிருந்தது. இனி ரயிலுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஆச்சி இன்றைக்கும் "பொதிகையை வை" என்றுதான் சொல்கிறாள். 2001இல் ஸ்டார் வாங்கிய பிறகு விஜய் டிவி பெயருக்கு முன்னால் ஒரு ஸ்டார் சேர்ந்தது, இந்த ஊரில் யார் வாயிலாவது அந்த ஸ்டார் வந்து கேட்டிருக்கிறாயா? ஒட்ட வைத்த சொல்லை நாக்கு உதிர்த்துவிடும், எடுத்துவிட்ட சொல்லை நாக்கு விடாது.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே நம்பர் ஆகிவிட்டது, சரி. ஆனால் ஆச்சி நம்பர் அழுத்துவது இல்லை. ரிமோட்டில் மேலே போகிற பொத்தானை அழுத்திக்கொண்டே போவாள், தெரிந்த சின்னம் வந்ததும் கை நிற்கும். ஒரு சேனலில் அவள் கண் இருப்பது ஒரு நொடிகூட இல்லை. நீ செய்யப் போகிற சின்னத்துக்கும் அந்த ஒரு நொடிதான் கிடைக்கும். இப்போது போனில் பார்ப்பவர்களுக்கு அது இன்னும் சின்னதாக, விரல் நுனி அளவில் தெரியும். அன்று புள்ளி இரைகிற திரையில் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போய் தடித்த உருவம் மட்டும் மிஞ்சும். விரல் நுனி அளவிலும் அதுதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

அதனால் எதையும் மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. நிறத்தை மாற்று, எழுத்தை மாற்று, கூடுதலாக இருக்கிற கோடுகளை எடு. தமிழ் எழுத்தைப் பெரிதாக வை, அதன் வளைவு அழகை இங்கிலீஷ் எழுத்துக்கு அடியில் சிறியதாகப் போட்டு ஒளிக்காதே. ஆனால் அந்தச் சேனலைப் பார்க்கிறவர்கள் அதை என்னவென்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் விசாரி. ஆபீஸில் இருப்பவர்களிடம் கேட்காதே. லைன் மேனிடம் கேள், பூக்கட்டுகிற அக்காவிடம் கேள், கம்ப்ளைன்ட் போன் எடுக்கிறவர்களிடம் கேள். அவர்கள் சொல்கிற அந்த ஒரு சொல், அது பறவையோ விளக்கோ எதுவானாலும், அதை மட்டும் துடைத்துவிடாதே.

வரைந்ததும் எனக்கு மூன்று நான்கு மாதிரி அனுப்பு. நிறம் வேண்டாம், கருப்பு வெள்ளையிலேயே அனுப்பு. எதிர்க்கடையில் தீப்பெட்டி அளவுக்குப் பிரின்ட் எடுத்து டிவி மூலையில் ஒட்டுகிறேன். ஆச்சி திண்ணைப் பக்கத்து நாற்காலியில் இருந்தே பார்க்கட்டும், கண்ணாடி போடாமல். அவள் எதை என்னவென்று சொல்கிறாள் என்று அப்படியே எழுதி அனுப்புகிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. மாடிக்கு ஏற வேண்டாம் என்றால் கேட்பது இல்லை. அந்தப் பழைய டிஷ்ஷில் இப்போது ஒன்றும் வருவது இல்லை என்றாலும் துடைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறோம், உலகம்மை சன்னதியில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
அம்பாசமுத்திரம்