முதலில் தனியாகப் போ

அன்புள்ள மலருக்கு,

பிலாட்டீஸ் உடற்பயிற்சிக்குத் தனி வகுப்பா, குழு வகுப்பா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். வேறு ஒரு சேதியும் இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதலில் தனியாகப் போ.

செலவு கூடுதல்தான், தெரியும். நான்கைந்து வகுப்பு போதும். மூச்சை விடும்போது அடிவயிறு உள்ளே போகிறதா, தலையைத் தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று ஒருவர் உன்னை மட்டும் பார்க்க வேண்டும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் டீச்சர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொல்ல முடியும். இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகளை வரிசையாகக் கொடுத்தார். ஆனால் நியூயார்க்கில் தன்னிடம் வந்தவர்களுக்கு ஆளைப் பார்த்து மாற்றித்தான் கொடுத்தார். அந்த 34இல் முதுகைச் சுருட்டிக் குனிவது நிறைய. முதுகெலும்பில் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு அதுவே வலியைக் காலுக்கு இறக்கிவிடலாம்.

ரிஃபார்மர் என்ற பிலாட்டீஸ் கருவியில் ஸ்பிரிங் மாட்டிய பலகை முன்னும் பின்னும் நகரும். அந்த ஸ்பிரிங்கைக் குறைத்தால் எளிதாகிவிடும் என்றும் நினைக்காதே. சில பயிற்சிகளில் குறைக்கக் குறைக்கப் பலகை நிலையில்லாமல் ஓடும், உடம்புதான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீயோ பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அவளைப் போலவே ஸ்பிரிங்கை மாட்டுவாய். கணுக்கால் பிசகியும் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்தவள்தானே நீ! அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. இன்றைக்கும் பெருமைதான். ஆனால் வலியை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது என்ன பழக்கம்? அக்காவிடமாவது சொல்லக் கூடாதா?

உடம்புக்குப் பிடிபட்ட பிறகு குழுவுக்குப் போ, கட்டாயம் போ. நான்கைந்து பேர் உள்ள வகுப்பாகப் பார். ஒரு நாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். ஆனால் முதலில் தனியாக.

வீடியோவில் பேசும்போதெல்லாம் நீ நின்றுகொண்டே பேசுகிறாய். உட்காரச் சொன்னால் பேச்சை மாற்றுகிறாய். அப்பாவும் கவனித்துவிட்டார், கேட்காதே என்கிறார். பெரியப்பா விஷயத்திலும் அவர் இப்படித்தான் சொன்னார், உனக்கே தெரியும்.

வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ முதலில் டாக்டர், அப்புறம்தான் பிலாட்டீஸ். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

டீச்சரிடம் எதையும் மறைக்காதே. என்னிடம் சொல்லாவிட்டாலும் அவரிடம் சொல். இல்லை, என்னிடமும் சொல். வலி காலுக்கு இறங்குகிறதா மலர்? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

அம்மா